உரத்துக்கு முன் ஒரு குழி

தோட்டம் பற்றிப் பேச யார் மேடையேறினாலும், பேச்சு முடிந்ததும் எழுகிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: செடி சரியாக வரவில்லை, என்ன உரம் போடலாம்? இன்றைய என் பேச்சு அந்தக் கேள்வியோடு நடத்துகிற ஒரு வழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுத் தோட்டங்களில் செடிகள் பட்டுப்போவதற்கும் சோர்ந்து நிற்பதற்கும் உரக் குறைவைவிட, மண்ணின் எளிதில் மாறாத குணங்களைத் தெரிந்துகொள்ளாமல் நட்டதே பெரிய காரணம் என்பது என் கட்சி. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றையும் கடையில் வாங்கிவிடலாம். மண் எத்தனை அடி ஆழம், அதில் களி எவ்வளவு மணல் எவ்வளவு, சுண்ணாம்பு கலந்திருக்கிறதா, ஊற்றிய தண்ணீர் எந்த வேகத்தில் இறங்குகிறது என்பவை மூட்டையில் வருவதில்லை. வாங்க முடியாததை முதலில் அறிந்து, அதற்கேற்ப மரத்தையும் செடியையும் தேர்ந்து, வாங்கக்கூடியதைப் பிறகு யோசிப்பதுதான் முறை. நாம் அதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

பள்ளிப் புத்தக வரைபடத்தில் தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல் செம்மண் நிறம். கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர்ப் பக்கம் கரிசல். காவிரிப் படுகையில் வண்டல். நீலகிரியில் செம்பொறை மண். இந்தப் படம் பொய்யில்லை. ஆனால் தோட்டம் போடுகிறவருக்கு இது அநேகமாகப் பயன்படாது. மண்ணியலாளர்கள் இதைவிட நுணுக்கமாக, ஒத்த குணமுள்ள மண்களை ‘வரிசை’ என்று பிரிக்கிறார்கள்; ஒவ்வொரு வரிசைக்கும் அது முதலில் ஆராயப்பட்ட ஊரின் பெயரையே வைப்பது வழக்கம். கோவையில் இருகூர் வரிசை என்றால் மணல் கலந்த செம்மண். பீளமேடு வரிசை என்றால் ஆழமான கரிசல் களி. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு மணி நேரத்தில் சைக்கிளில் போய்விடும் தூரம்தான். சென்னையில் பெசன்ட் நகரும் திருவான்மியூரும் மணல். அண்ணா நகரும் கொளத்தூரும் களி. கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் சில அடியிலேயே பாறை தட்டும். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது, மணற்பாங்கான பகுதிக்கு ஒரு வகை அமைப்பு, களிமண் பகுதிக்கு வேறு வகை, பாறைப் பகுதிக்கு இன்னொன்று என்று பிரித்தே பரிந்துரைத்தார்கள். மழைநீரைப் பூமிக்குள் இறக்க மண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஒப்புக்கொண்ட நாம், அதே தண்ணீரை நம்பி வேர்விடுகிற மரத்தை நடும்போது மட்டும் எல்லா ஊருக்கும் ஒரே குழி, ஒரே கலவை என்று போய்விட்டோம்.

அப்படியானால் நம் மனையின் மண் பற்றி எழுத்தில் எதுவுமே இல்லையா? இருக்கிறது, இருந்தும் போதாது. வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். புல எண், பரப்பு, தீர்வை இவற்றோடு ‘மண் வயனமும் ரகமும்’ என்று ஒரு கலம், ‘மண் தரம்’ என்று ஒரு கலம் இருக்கும். பட்டா பார்க்கிற அவசரத்தில் யாரும் அந்த எண்களைப் படிப்பதில்லை. சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி நிலவரித் திட்டத்துக்காக ஊர் ஊராக மண்ணைப் பார்த்துத் தரம் பிரித்தவர்கள் விட்டுச்சென்ற தடம் அது. ஆனால் அது வரி விதிப்பதற்கான தரம். அந்த நிலம் வயலாகவோ காடாகவோ கிடந்த காலத்தைச் சொல்வது. இந்தக் காலத்து ஏற்பாடு 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம். கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம் தொடங்கி போரான் வரை 12 அளவீடுகள் அதில் உண்டு. நல்ல திட்டம். ஆனால் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பதுதான் அதன் வலைக்கண். 2,400 சதுர அடி கிரவுண்டு கணக்கில் இரண்டரை ஹெக்டேர் என்பது சுமார் 112 மனை. அந்தக் கண் உழவருக்கு ஏற்றது; உங்கள் துளசிமாடத்துக்குப் பக்கத்து மண்ணை அது பிடிக்காது.

ஆகவே குழிதான். இரண்டடி அகலம், மூன்றடி ஆழம். கடப்பாரையும் மண்வெட்டியும் போதும். மேலே அரை அடியைக் கையில் அள்ளிப் பார்த்து ‘நல்ல மண்’ என்று சொல்வது வழக்கம். மரம் அந்த அரை அடியில் வாழப் போவதில்லை. குழியின் ஒரு பக்கச் சுவரைச் செங்குத்தாகச் சீவிவிட்டு மேலிருந்து கீழே பாருங்கள். பழைய வேர்கள் எந்த ஆழத்தோடு நின்றுவிட்டன? நிறம் எங்கே மாறுகிறது? சாம்பல் நிறத்தில் துருப் புள்ளிகள் தெரிந்தால் மழைக்காலத்தில் அந்த உயரம் வரை தண்ணீர் கட்டுகிறது என்று பொருள். கோடையில் தோண்டினாலும் அந்தச் சாட்சி அழியாது. கரிசல் காட்டில் இரண்டு மூன்றடிக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் வரும். சில இடத்தில் அதுவே சுக்கான் பாறையாக இறுகிக் கிடக்கும். செம்மண் பூமியில் அடியில் சரளை தட்டலாம். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, நீர் தெளித்துப் பிசைந்து, கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே நாடாவாக இழுத்துப் பாருங்கள். உருட்டவே வராமல் உதிர்ந்தால் மணல். உருண்டையாகி, நாடா ஓரங்குலத்துக்குள் ஒடிந்தால் இருமண். இரண்டு அங்குலம் தாண்டியும் ஒடியாமல் மினுங்கினால் களி. நம்பிக்கை வராவிட்டால் கண்ணாடிச் சீசாவில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி நீரும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் படியும். வண்டல் சில மணி நேரத்தில். களி படிய ஒரு நாளுக்கு மேலும் ஆகும். மூன்று அடுக்கையும் அளவுகோலால் அளந்துவிடலாம். நாட்கணக்கில் வைத்தும் நீர் தெளியாமல் கலங்கலாகவே நின்றால், அந்த மண் சோடியம் ஏறிய களராக இருக்கலாம் என்ற சந்தேகத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு குழியைத் தண்ணீரால் நிரப்புங்கள். முழுதும் வடிந்த பின் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று ஒரு குச்சியில் குறியுங்கள். எந்த ஆய்வக அட்டையையும்விட இந்த ஓர் எண் அதிகம் சொல்லும் என்பேன். ஓர் அங்குலத்துக்கும் குறைவாக இறங்கினால் அங்கே பப்பாளியையும் முருங்கையையும் தரைமட்டத்தில் நடாதீர்கள். பப்பாளி வேர் இரண்டு நாள் தண்ணீரில் நின்றாலே அழுகத் தொடங்கிவிடும். ஐப்பசி அடைமழைக்குப் பிறகு ‘திடீரென்று’ சாய்கிற பப்பாளிகளில் பெரும்பாலானவை திடீரென்று சாய்ந்தவை அல்ல. மேடு கட்டி நடலாம், அல்லது ஈரம் பொறுக்கிற நாவலுக்குப் போகலாம். நான்கு அங்குலத்துக்கு மேல் சரசரவென்று இறங்கினால் பிரச்சினை வேறு: ஊற்றுகிற தண்ணீரும் போடுகிற உரமும் வேருக்குக் கீழே போய்விடும். அங்கே வாரம் ஒருமுறை குடம் குடமாக ஊற்றுவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விடுவதும் உரத்தைப் பல தவணையாகப் பிரித்துப் போடுவதும் பலிக்கும். ஒரு மீட்டர் ஆழக் களி, செடிக்குக் கிடைக்கும்படி வைத்திருக்கிற நீர் அதே ஆழ மணலைவிட இரண்டு மடங்குக்குக் குறையாது. இரண்டு இடத்துக்கும் ஒரே பாசன அட்டவணையைத் தருகிறவர் மண்ணைப் பார்க்காதவர்.

இந்த இடத்தில் ஒரு பிரபலமான அறிவுரையை எதிர்க்க வேண்டியிருக்கிறது. மா நடவுக்கு ஒரு மீட்டர் நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்பச் சொல்வார்கள். சரளை இறுகிக் கிடக்கிற செம்மண்ணில் அது மிக நல்ல யோசனை. வேர் இறங்க வழி கிடைக்கிறது. அதையே இறுகிய களியில் செய்து, குழிக்குள் செம்மண்ணும் ஆற்றுமணலும் கொட்டி நிரப்பினால் என்ன நடக்கும்? சுற்றிலும் நீர் இறங்காத சுவர், நடுவே நீரை இழுத்துக்கொள்கிற பொலபொலப்பான மண். நாம் மரத்துக்கு வீடு கட்டவில்லை, தொட்டி கட்டியிருக்கிறோம். மழைக்காலத்தில் நிலம் முழுவதன் நீரும் அந்தக் குழியில் வந்து கூடும். அறிவுரையில் பிழையில்லை, அது எந்த மண்ணுக்குச் சொன்னது என்ற முன்குறிப்பைத் தொலைத்துவிட்டோம்.

அடுத்தது சுண்ணாம்பு. இதில் சற்று நின்று பேச வேண்டும். தோட்டக்காரர்களின் பணம் அதிகம் வீணாவது இங்கேதான். இட்லிப்பூச் செடியின் இளந்தளிர் மஞ்சளாகிறது, இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. மல்லிகையிலும் இதே அடையாளம் வரும். பார்த்தவுடன் ‘சத்துக் குறைவு’ என்று யூரியா போடுகிறோம், கூடவே தண்ணீரையும் கூட்டுகிறோம். தழைச்சத்துக் குறைவென்றால் மஞ்சள் முதலில் கீழே முற்றிய இலைகளில் தெரியும். மேலே தளிரில் நரம்பு பச்சையாக நிற்க மஞ்சளானால் அது பெரும்பாலும் இரும்புக் குறைவு. இத்தனைக்கும் நம் மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். ஆனால் காரத்தன்மை பி.எச். கணக்கில் ஓர் அலகு கூடினால் நீரில் கரைகிற இரும்பு சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பி.எச். ஆறரையில் இருந்த மண்ணையும் எட்டரையில் இருக்கிற மண்ணையும் ஒப்பிட்டால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வேரைச் சுற்றி இரும்பு குவிந்து கிடக்கிறது, வேரால் எடுக்க முடியவில்லை. கூடுதலாக ஊற்றுகிற தண்ணீர், காற்றோட்டத்தை அடைத்து, சுண்ணாம்பிலிருந்து பைகார்பனேட்டைக் கரைத்துவிட்டு, அந்தக் கொஞ்ச இரும்பையும் முடக்குகிறது. மருந்தே நோயை வளர்க்கிறது. அன்னபேதி என்கிற இரும்பு சல்பேட்டை மண்ணில் போட்டாலும் சில நாளில் துருவாகி அதே கூட்டத்தில் சேர்ந்துவிடும்; லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து இலையில் தெளித்தால் பலன் உண்டு, ஆனால் அடுத்த தளிருக்கு மறுபடி தெளிக்க வேண்டும். சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகம்கூட வேண்டாம். உலர்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகரை விடுங்கள், நுரைத்தால் இருக்கிறது.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவதும் வலுவானதுமான வாதம்: எப்படிப்பட்ட மண்ணையும் உழைப்பால் மாற்றலாம், மக்கிய எருவைக் கொட்டிக்கொண்டே இருந்தால் பொட்டலும் பூக்கும் என்பது. இதில் பாதியை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறேன். எரு, மணலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், களியைப் பொலபொலப்பாக்கும். இரண்டு எதிரெதிர்க் குறைக்கும் உதவுகிற பொருள் இயற்கையில் வேறு அதிகமில்லை. மணற்பாங்கான செவலுக்கு ஏரிக் கரம்பையை வண்டியில் அடித்த நம் முன்னோர் செய்ததும் இதே வகைத் திருத்தம்தான். மற்றப் பாதியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் சதுர அடித் தோட்டம். அரை அடி ஆழம் மட்டும். அது 500 கன அடி, எடையில் சுமார் 20 டன். அதில் பாதி களி என்றால், களியின் பங்கை நூற்றுக்கு முப்பதாகக் குறைக்க 13, 14 டன் மணல் கலக்க வேண்டும். லாரிக்காரர் கணக்கில் மூன்று யூனிட். ஆற்றுமணல் இன்று விற்கிற விலையில், அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை விட்டுவிட்டாலும், இது தோட்டச் செலவில்லை, கட்டடச் செலவு. சுண்ணாம்பையும் பார்ப்போம். அந்த 20 டன்னில் நூற்றுக்குப் பத்து சுண்ணாம்பு என்றால் இரண்டு டன். அதைக் கந்தகம் போட்டு முறிக்க, வேதிக் கணக்குப்படி 640 கிலோ கந்தகம் வேண்டும். அதுவும் மேல் அரை அடிக்கு மட்டும். கீழே சுக்கான் அப்படியே இருக்கும், ஆழ்குழாய்த் தண்ணீர் புதிதாகக் கொண்டுவந்து சேர்க்கவும் செய்யும். எருவோ, நம் வெயிலில் வேகமாக மக்கிக் கரைந்துபோகும் என்பதால் ஆண்டுதோறும் இட வேண்டியது. அதை இடுங்கள், தவறாமல் இடுங்கள். மண்ணின் பிறவிக் குணத்தை அது மாற்றிவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கம், எதற்கும் ஜிப்சம் போடுவது. களர் நிலத்தில் மண்ணைப் பிடித்திருக்கிற சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கால்சியம் உட்கார ஜிப்சம் வேண்டும். பிறகு நீர் கட்டி வடித்துவிட வேண்டும். உவர் நிலத்தில் கரையும் உப்புதான் குறை என்பதால் வடிகாலும் நல்ல தண்ணீரும் இருந்தாலே பெரும்பகுதி கழுவிப் போய்விடும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடலோர வயல்களில் ஏறிய உப்பை இறக்கியதில் அடுத்துப் பெய்த மழைக்கும் பெரும் பங்குண்டு. களருமில்லாத, உவருமில்லாத, ஏற்கெனவே கால்சியம் நிறைந்த சுண்ணாம்பு மண்ணில் ஜிப்சம் போடுவது காசைக் கரைப்பது.

இரண்டாவது வாதம் ஆய்வகத்துக்காரர்களுடையது: இதெல்லாம் எதற்கு, மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினால் போதாதா? அனுப்ப வேண்டும், ஆனால் ஆய்வகம் பையில் வந்ததைத்தான் சொல்லும். பயிருக்கான மாதிரி வழக்கமாக மேல் 15 செ.மீ. மண். கீழே சுக்கான் இருப்பதும், இரண்டடியில் நீர் கட்டுவதும் அந்த அரைக் கிலோ பையில் ஏறாது. ஒரே இடத்தில் அள்ளாமல் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில ‘வி’ வடிவில் வெட்டி எடுத்து, கலந்து, கால் பங்கீட்டு முறையில் குறைக்கச் சொல்கிறார்கள். எருக்குழி ஓரம், மரத்தடி, வரப்பு இவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். வீட்டு மனையில் இவற்றைத் தவிர்த்தால் மிச்சமே இருக்காது என்பது வேறு விஷயம்.

மூன்றாவது வாதம் நகரவாசிகளுடையது: நாங்கள் வாங்கிய மண்ணில் மாடித்தோட்டம் போடுகிறோம், ஊர் மண் எப்படி இருந்தால் என்ன? தொட்டிக்கு இது பெருமளவு சரி. ஆனால் தொட்டிக்கு ஊற்றுகிற தண்ணீர் ஊர்த் தண்ணீர். அடி மண்ணில் இருக்கிற உப்பும் சுண்ணாம்பும் ஆழ்குழாய் வழியாக மாடியேறி, வடிகால் சரியில்லாத தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூக்கின்றன. தரையில் நடுகிற நகரவாசிக்கோ சிக்கல் இரட்டிப்பு. மனையை உயர்த்தக் கொட்டிய சவுடு, வீடு கட்டியபோது புதைந்த காரை, சிமெண்ட் கழிவு, செங்கல் துண்டு என்று ஓரடிக்கு ஒரு வரலாறு இருக்கும். மதிலோரம் நட்ட செடி மட்டும் மஞ்சளாக நிற்பதற்குக் காரையிலிருந்து கசிகிற சுண்ணாம்பு போதுமான காரணம். ‘பக்கத்து வீட்டில் நன்றாக வருகிறதே’ என்ற ஆதாரமும் இதனால்தான் செல்லாது. அவர்கள் மனையில் கொட்டிய லாரி வேறாக இருந்திருக்கும்.

கடைசியாக ஒன்று: மண்ணுக்கேற்ற செடி என்றால் ஆசைப்பட்டதை விட்டுவிட வேண்டுமா? சிலவற்றைத் தரையில் விட்டுவிடத்தான் வேண்டும். சுண்ணாம்பு மண்ணில் இட்லிப்பூவைத் தொட்டிக்கு மாற்றுவது தோல்வியில்லை. மற்றபடி, மண்ணை ஏற்றுக்கொண்ட இடங்களில் கிடைத்தவை குறைவானவை அல்ல. திருச்சியை அடுத்த நாவலூர் குட்டப்பட்டில், களர் நிலத்தில் அமைந்த வேளாண் கல்லூரி, களரைத் தாங்குகிற நெல் ரகங்களைத் தந்திருக்கிறது. திருச்செந்தூர், சாத்தான்குளத்துத் தேரியின் செம்மணலில் பனை நிற்கிறது, முந்திரி காய்க்கிறது. இராமேசுவரம் பக்கம் தங்கச்சிமடத்து மணலில் மல்லிகைப் பதியன்கள் வேர்பிடித்து மதுரைத் தோட்டங்களுக்குப் போகின்றன. நீர் தேங்காத மணல் நாற்றுக்கு வாய்ப்பு, மற்றப் பயிருக்கு அதுவே குறை. வீட்டுத் தோட்டத்திலும் அப்படித்தான். உப்புத் தண்ணீரா, சப்போட்டாவும் தென்னையும் தாங்கும். களரா, நெல்லியும் புங்கனும் நிற்கும். சுண்ணாம்பு மண்ணா, மாதுளையும் இலந்தையும் இருக்கின்றன. எதுவும் பிடிபடவில்லையா, கொய்யா வையுங்கள். அது அமில மண்ணுக்கும் கார மண்ணுக்கும் பெருமளவு ஒத்துப்போகிற மரம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் உங்கள் தோட்டத்தில் இரண்டு இடத்திலாவது இந்தக் குழியை எடுங்கள். மேல்மண்ணையும் இரண்டடிக்குக் கீழுள்ள மண்ணையும் தனித்தனியே நிழலில் உலர்த்தி, இரண்டு பையில் கட்டி, மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். கிணற்றுத் தண்ணீரையும் ஒரு சுத்தமான பாட்டிலில் கொண்டுபோங்கள். சுண்ணாம்பின் அளவையும் பார்த்துத் தரும்படி கேளுங்கள், கேட்காவிட்டால் அட்டையில் அது வராமல் போகலாம். அந்தத் தாள் கைக்கு வரும்வரை நாற்றங்காலில் எந்தக் கன்றுக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.